எடுப்பதா, இருக்கட்டுமா

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று தொடங்கக் கை கூசுகிறது. நலமில்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்பது மரியாதையாகாது. கேட்காமல் விடுவது அண்ணனுக்கு அழகாகாது. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு நேரே செய்திக்கு வருகிறேன்.

தொலைபேசியை நீ எடுப்பதில்லை. உன் அண்ணியின் எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கிறாய். என் தொண்டை செருமும் ஓசை கேட்டதும் வைத்துவிடுகிறாய். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கியே ஓய்வு பெற்றவன் நான். எழுதிப் போட்டது போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன். எனவே எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அன்று சாப்பாட்டு மேசையில், அண்ணியின் தம்பி குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருக்க, "காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணி, ஒரு பிள்ளையப் பெத்திருந்தா இந்தக் கட்டியெல்லாம் வந்திருக்காது" என்று நான் சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டாய். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் என் பக்கத்து நியாயத்தை அடுக்கத் தொடங்கிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும்.

சொல்ல வந்தது இது. மருத்துவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறு. பழம்பாடல்களில் ஒரு மரபு உண்டு. மகள் மெலிவாள், வளை கழன்று விழும். தாய் காரணம் அறியாமல் பூசாரியை அழைப்பாள். அவன் வந்து ஆவேசமாய் ஆடித் தெய்வக் குற்றம் என்பான். உண்மை தெரிந்த தோழி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். இக்காலத்து மருத்துவமனைகளை நினைக்கும்போது எனக்கு அந்தப் பூசாரிதான் நினைவுக்கு வருகிறான். மாதாந்திரம் நிற்கும் வயது உனக்கு வெகுதொலைவில் இல்லை. நின்றபின் இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே சுருங்கிவிடும் என்று ஒரு வார இதழில் படித்தேன். உடல் நாம் வாங்கியதன்று. கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் வைத்த ஒன்றை, அதுவும் அந்த இடத்தில் வைத்ததை, அவசரப்பட்டு எடுத்தெறிவது எனக்குச் சரியாகப்படவில்லை.

அந்த உறுப்பின் பெயரை எழுத மூன்று முறை முயன்றேன். தங்கைக்கு எழுதும் கடிதத்தில் வரவில்லை. பொறுத்துக்கொள்.

நாள்தோறும் விளக்கின் முன் உன் பெயரைச் சொல்லி நிற்கிறேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு,

கருப்பை. அதுதான் அந்த உறுப்பின் பெயர். நீங்கள் வாசகசாலையில் பாடல்களுக்கு உரை சொல்லும்போது நூறு முறை சொன்ன சொல்தான். பாட்டில் இருந்தால் வாய் கூசாது, தங்கையிடம் இருந்தால் கூசும் போலிருக்கிறது.

பூசாரி கதையைப் படித்தேன். என்னைப் பார்க்காமல், நாடியைக்கூடத் தொடாமல், வார இதழைப் பார்த்து எனக்குக் குறி சொன்னவர் யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பொறுக்கச் சொல்கிறீர்கள். நான் பொறுத்துக்கொண்டிருக்கும் லட்சணத்தைச் சொல்கிறேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். இரும்பு ஏணியில் ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டால், முறை முடியும் வரை இறங்குவதில்லை. அங்கே கழிப்பறை கிடையாது. மாதத்தில் பாதி நாள் இரத்தம் போகும்; கருப்புப் பேன்ட்டுக்கு மேல் கருப்புப் பேன்ட் போட்டுக்கொண்டு, இருக்கையில் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டு, கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் கன்டெய்னர்களைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஏணியின் நடுவில் கண் இருட்டியது. கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே இருந்த பையன்கள் "மேலக்கா, என்னாச்சு?" என்று கத்தினார்கள். எப்போதும் மேலேயே இருப்பதால் என்னை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரத்தச் சத்து இருக்க வேண்டியதில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. மேலாளர் என்னை இறக்கி வாசலில் லாரி எண் எழுத உட்கார வைத்துவிட்டார். இரத்தம் ஏறினால்தான் நானும் ஏறலாம்.

வயிறு ஐந்து மாதம் போல் இருக்கிறது. உணவுக்கூடத்துப் பெண் புதிதாக வந்தவள்; மற்றவர்கள் முன்னால் ஆசையாகக் கேட்டாள்: "எத்தனை மாசம்க்கா?" நான் சொன்னேன்: "ஆறு வருஷம்."

மருத்துவரைப் பார்த்தேன். அவருக்குக் கத்தி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து, புற்று இல்லை, நார்த்திசுக் கட்டிதான், பெரிது, முழுதாக எடுத்துவிடலாம் என்றார். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்றேன். முடியும், ஆனால் மறுபடி வரலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கல்யாணம் ஆகல, வயசும் நாப்பத்து நாலு. யாருக்காக வெச்சிருக்கப் போறீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நல்ல மனிதர்தான். வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் அழுதேன். ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆனால் அவர் சொல்வது நியாயம். எடுத்துவிடச் சம்மதித்து நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். 28ஆம் தேதி. இனி இதில் பேச ஒன்றும் இல்லை.

தங்கை

*

மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

என் முந்தைய கடிதத்தை எழுதாததாகக் கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஏணியில் நீ நின்ற நிலையை மனத்தில் கொண்டுவர முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். அண்ணி வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு நான் உனக்கு எழுதியது என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் காய் நறுக்கும் பலகையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் உயர்த்தாமல், "எனக்கு எடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. எந்த சாமி வந்து உங்ககிட்ட கணக்குக் கேட்டுச்சு?" என்றாள்.

அவளுக்கு அறுவை நடந்தது எனக்குத் தெரியும். மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுபோனவனே நான்தான். ஆனால் நம் வீட்டில் அதற்கு "வயித்து ஆபரேஷன்" என்று பெயர். எல்லாரும் அப்படிச் சொன்னோம், நானும் சொன்னேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகளாக இந்த வீட்டில் நிகழ்ந்துவிட்ட ஒன்றைத்தான், நிகழவே கூடாது என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

அவள் அத்தோடு விடவில்லை. "மூணு பெத்தவ நான். எனக்கும் அதே கட்டிதான் வந்துச்சு. பெத்தா வராதுன்னு மேசையில உக்காந்து சொன்னீங்களே, அப்ப நான் குழம்பு ஊத்திக்கிட்டு உங்க பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். பிறகு மறுபடியும் நறுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே நீ எடுத்த முடிவே சரி. எடுத்துவிடு. உடல் கொடுக்கப்பட்டதென்றால், அதைக் காப்பாற்றும் அறிவும் கொடுக்கப்பட்டதுதானே. 28ஆம் தேதிக்கு நான் வருகிறேன். வர வேண்டாம் என்றால் எழுது, எழுதாவிட்டால் வருவேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 15

அண்ணாவுக்கு,

என் சென்ற கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். 28ஆம் தேதியை ரத்து செய்துவிட்டேன்.

கோபத்தில் சம்மதித்தேன் என்று தோன்றியது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அதனாலேயே வேண்டும் என்றேன். ஒரு முடிவை அப்படி எடுக்கக் கூடாதல்லவா? உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பூசாரியையும் வார இதழையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், "கொஞ்சம் பொறு" என்ற ஒரு சொல் மிஞ்சியது. அது தவறில்லை என்று பட்டது.

அதனால் இன்னொருவரைப் பார்த்தேன். இவர் குழாய் டாக்டர். மணிக்கட்டிலோ தொடையிலோ ஒரு சிறு துளை போட்டு, இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலை விட்டுக் கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடுவாராம். சோறு தண்ணீர் இல்லாமல் கட்டி மெல்லச் சுருங்கும். கருப்பை இருந்த இடத்தில் இருக்கும். வலி சில நாள் இருக்கும். பிள்ளை பெற எண்ணமிருந்தால் இது அவ்வளவு உகந்ததன்று என்றார். எண்ணமில்லை என்றேன். அப்படியானால் நல்லது என்றார். கத்தி டாக்டர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் கையில இருக்கறத அவர் சொன்னாரு, என் கையில இருக்கறத நான் சொல்றேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் குழப்பம் தொடங்கியது.

இப்போதைக்கு நீங்கள் சொன்னபடியே எடுக்காமல் இருக்கப் போகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டேன் என்பதற்காக வாசகசாலையில் பெருமையடிக்க வேண்டாம்.

தங்கை

*

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. எடுக்காதே என்றேன், எடுக்கிறேன் என்றாய். சரி, எடு என்றேன்; எடுக்கவில்லை என்கிறாய். நான் உன் பக்கம் வந்து சேர்ந்தபோது நீ என் பக்கம் போய்விட்டாய். வெறுமையான வீட்டின் கதவை இருவரும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்நிலையில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் விளக்கின் முன் நிற்க முடியாது.

மனித அறிவு எட்டாத இடத்தில் திருவுளம் கேட்பது நம் அப்பா காலம் முதல் வழக்கம். மூன்று சீட்டு எழுதினேன். ஒன்றில் "எடு", ஒன்றில் "அடை", ஒன்றில் "பொறு". ஒரே அளவாக மடித்து, செம்பில் போட்டு, குளித்து, கண் மூடி வணங்கி ஒன்றை எடுத்தேன். "எடு" என்று வந்தது.

அண்ணியின் சொல்லும் அதுதான், என் கடைசிக் கடிதமும் அதுதான். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ வண்டி நிறுத்துமிடத்தில் அழுதாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி குறுக்கே வந்து நின்றது. சீட்டைத் திரும்ப மடித்துப் போட்டேன். சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மறுபடி எடுத்தேன். "பொறு." அதுவும் பிடிக்கவில்லை, ஏணி நினைவுக்கு வந்தது. மூன்றாவது முறை கை நீட்டும்போது அண்ணி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டா செம்பையே மாத்துவீங்க போல" என்றாள்.

இத்தனை ஆண்டு ஓதியவன், கேட்ட கேள்விக்கு வந்த விடையை ஏற்காமல் திரும்பக் கேட்டுவிட்டேன். இது பக்தியா, பக்தியின்மையா என்று எனக்கு விளங்கவில்லை. உன்னிடம் சொல்வதற்கு இப்போது என்னிடம் ஒரு கருத்தும் இல்லை. இப்படி வெறுங்கையோடு உனக்கு எழுதுவது இதுவே முதல் முறை.

உன் அண்ணன்

*

மார்ச் 27

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசல் பூத்தில், லாரிகள் வரிசையில் நிற்க, படித்தேன். வாய்விட்டுச் சிரித்ததில் ஓட்டுநர் ஒருவர் பயந்துபோய் எண்ணை மாற்றிச் சொன்னார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன், அண்ணா.

நீங்கள் கடவுளிடமே இரண்டாவது கருத்துக் கேட்டவர். அப்படியிருக்க, மூன்றாவது டாக்டரிடம் போக நான் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று தோன்றியது. போனேன்.

இவர் பெண். வயதில் என்னைவிடச் சிறியவர். கேள்வி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பழைய ஸ்கேனைப் பார்க்கும் முன் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார். எத்தனை நாள் இரத்தம் போகிறது, உறைந்து கட்டியாகப் போகிறதா, நடுவில் நின்று நின்று வருகிறதா, சிறுநீர் அடிக்கடி வருகிறதா, கூண்டில் எத்தனை மணி நேரம். பிறகு, உள்ளே உப்புநீர் செலுத்திப் பார்க்கும் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார். திரையை என் பக்கம் திருப்பி, "உங்க வயித்தப் பெருசாக் காட்டுறது ஒண்ணு. ரத்தம் கொட்ட வெக்கிறது வேற ஒண்ணு" என்றார்.

பெரியது கருப்பையின் வெளிச்சுவரில் இருக்கிறதாம். எல்லாரும் இத்தனை நாள் பேசியது அதைப் பற்றித்தான். நீங்கள், கத்தி டாக்டர், உணவுக்கூடத்துப் பெண், எல்லாரும். அது இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. உள்ளே, மாதாமாதம் உதிரும் மெத்தைக்குள், திராட்சை அளவில் இன்னொன்று. இரத்தத்தை இறைப்பது பெரும்பாலும் அதுதான் என்கிறார். அதை, வயிற்றைக் கிழிக்காமல், இயற்கையான வழியிலேயே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம்.

அப்படியானால் தீர்ந்தது என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார். தீரவில்லையாம். சின்னதை எடுத்தால் இரத்தம் குறையும். எவ்வளவு என்று உறுதி இல்லை. மறுபடி முளைக்கவும் கூடும். பெரியது வயிற்றில் அப்படியே இருக்கும், கண்காணிக்க வேண்டும். மாத்திரையும் ஊசியும் கொண்டு கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் ஊசியை நெடுநாள் போட முடியாது. உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம் ஒன்று உண்டு. என் உட்புறம் கோணலாக இருப்பதால் நழுவி விழலாம். குழாய் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. முழுதாக எடுத்தால் இது இனி வராது, அது உறுதி. சினைப்பையை விட்டுவைத்தால் உடம்பு திடீரென்று முதுமைக்குப் போகாது. கத்தி டாக்டர் சொன்னதிலும் பிழை இல்லை.

எல்லாமே சரி என்றால் எதைத்தான் செய்வது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுல எது சரிங்கறது உங்க ஸ்கேன்ல இல்ல. உங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணா, ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். இப்போது இரும்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். முன்பு பாதை தெரியாத குழப்பம். இப்போது எல்லாப் பாதையும் தெரிகிறது, எங்கே போக வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

எது செய்யலாம் என்று எழுதாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்று மேசையில் சொன்னதை நம்பித்தான் சொன்னீர்களா?

தங்கை

*

ஏப்ரல் 1

அன்புத் தங்கைக்கு,

ஆம். நம்பித்தான் சொன்னேன்.

இல்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காகப் பொய் எழுத மாட்டேன். எவரோ சொன்னதைச் சிறு வயதில் கேட்டு, சரிபார்க்காமல், அறிவு என்று எண்ணி வைத்திருந்தேன். அண்ணி மூன்று பெற்றும் அவளுக்கு வந்தது என் கண்ணெதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை.

ஆனால் நம்பியதெல்லாம் நாம் வாய் திறந்து சொல்வதில்லையே. அன்று ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். அண்ணியின் தம்பி மனைவி உன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றை அவள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அது கட்டிதான், வேறொன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம். கேளாத கேள்விக்கு, உன்னைக் கீழே தள்ளி என் மானத்தைத் தூக்கிக்கொண்டேன். காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். யாரை என்பதில்தான் கோளாறு.

மன்னித்துக்கொள் என்பதை எழுத எனக்கு நெடுநேரம் ஆயிற்று. எழுதிவிட்டேன்.

சிகிச்சையைப் பற்றி நீ கேட்டுக்கொண்டபடி ஒரு சொல்லும் எழுதவில்லை. விளக்கின் முன்னும் இப்போது எதையும் கேட்பதில்லை, சும்மா நிற்கிறேன்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேலைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுதாகப் போகவில்லை. ஆனால் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி டாக்டரிடம் பதில் சொல்லிவிட்டேன். இரண்டு பதில். ஒன்று, "மறுபடி கிரேன்ல ஏறணும்." இரண்டாவது, "யாருக்காக வெச்சிருக்கீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது." முதலாவதுக்கு வழி இருக்கிறது, இரண்டாவதுக்கு மருந்து இல்லை என்று சிரித்தார். சின்னதை மட்டும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பெரியது இருக்கட்டும். நாளை என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு வருடம் கழித்து, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று நானே போய் நிற்கவும் கூடும். அப்போது, அன்றைக்கே சொன்னேனே என்று நீங்கள் சொல்லக் கூடாது.

ஏன் வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றை இழக்க வேண்டுமா என்பது மட்டும்தான் என் கேள்வி. அண்ணிக்கு எடுத்தது சரியாக இருந்தது. நேற்று அவரிடம் வெகுநேரம் பேசினேன். எடுத்தபின்தான் உயிர் வந்தது என்றார், சந்தோஷமாகச் சொன்னார். அதைக் கேட்டும் என் மனம் மாறவில்லை. இது பிடிவாதமா, தெளிவா, நீங்களே ஒரு சீட்டுப் போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். சம்மதத் தாளில் ஒரு வரி இருக்கிறது. நடுவில் இரத்தம் கட்டுக்கடங்காமல் போனால் கருப்பையை அகற்றவும் சம்மதம் என்று. மிக மிக அரிது, ஆனால் எழுதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அப்படி ஏதாவது நேர்ந்தால் வெளியில் இருப்பவரிடம் வந்து சொல்வார்களாம். வெளியில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

17ஆம் தேதி வாருங்கள். யோசனை வேண்டாம், உரை வேண்டாம், செம்பு வேண்டாம். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருங்கள். எவராவது வந்து எதையாவது கேட்டால், "உயிருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் எடுக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், ஒரு நொடிகூட. இல்லை, இதுதான் சுலபம், எப்படியும் தேவைப்படாதது என்கிற மாதிரிப் பேசினால், கூடாது என்று சொல்லுங்கள். உங்களுக்கு நன்றாகச் சண்டை போடத் தெரியும். ஒரு முறை எனக்காகப் போடுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 17, மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து

அன்புத் தங்கைக்கு,

நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் இருக்கிறேன். நமக்கு நடுவில் இவ்வளவு குறைந்த தூரத்தில் நான் எழுதிய கடிதம் இதுவாகத்தான் இருக்கும். காலையில் நேரில் பார்த்தோம். உன் செருப்பை என் கையில் கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

மனப்பாடமாக வரும் எதுவும் இன்று வரவில்லை. ஓதத் தொடங்கினால் இரண்டாம் அடியில் நின்றுவிடுகிறது. ஆகவே நீ சொல்லிக்கொடுத்த ஒரே சொல்லை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அது தவறிப்போய்விடக் கூடாது என்ற அச்சம்.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு பெண் வேகமாக என்னை நோக்கி வந்தாள். எழுந்து நின்றுவிட்டேன். அவள் வாய் திறக்குமுன்னே, தாழ்வாரம் முழுவதும் திரும்பிப் பார்க்கும் குரலில், "உயிருக்கா?" என்று கேட்டேன்.

அவள் திகைத்துப் போனாள். கையில் இருந்த துடைப்பானைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, "இல்லங்க ஐயா, தரைக்கு. கொஞ்சம் கால நகத்துங்க" என்றாள்.

நகர்ந்தேன். துடைத்தாள். போகும்போது என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து, உள்ளே யார் என்று கேட்டாள். தங்கை என்றேன். என்ன வைத்தியம் என்று கேட்டாள். "கருப்பையில கட்டி" என்றேன். அவளுடைய அக்காவுக்கும் அதே என்றாள்; அவர் அதை எடுக்கவே இல்லையாம், மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிட்டாராம். இப்படி இந்தத் தாழ்வாரத்தில் எனக்கு நான்காவது கருத்தும் கிடைத்துவிட்டது.

அதன்பின் உன் கேள்வி டாக்டர் வந்தார். முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு பேசினார். பாதி விளங்கிற்று. சின்னது வந்துவிட்டது, ஒரு சிறு துண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதை அதிகம் தோண்டவில்லை, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், இரத்தம் அவ்வளவாகப் போகவில்லை என்றார். ஒட்டிக்கொண்டிருப்பது வளருமா என்று கேட்டேன். வளரலாம், வளராமலும் போகலாம் என்றார். நான் மகிழ வேண்டுமா, கவலைப்பட வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ விழித்ததும் முதலில் என்னைப் பார்ப்பாய். மயக்கத்தில் கேட்க முடியாமல் கண்ணால் கேட்பாய். அதனால் பெரிய எழுத்தில், உன் கண்ணுக்கு நேரே பிடிக்கும்படி, இதைத் தாளின் அடியில் எழுதி வைக்கிறேன்.

இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.